எண்ணும் பொருளும்: மக்கள் கணக்கு பயன்பட ஒரு வழி

நம் முன்னோர் நெல்லை மரக்காலாலும் படியாலும் அளந்தனர். நிலத்தைக் குழி, மா, வேலி எனக் கணக்கிட்டனர். ஆயினும் ஓர் ஊரின் மரக்கால் மற்றோர் ஊரின் மரக்காலுக்கு ஒப்பாக இருந்ததில்லை. நிலம் அளக்கும் கோலின் நீளமும் இடத்துக்கு இடம் மாறிற்று. கோல் மாறவே குழியும் மாறிற்று. பத்து மரக்கால் நெல் என்று ஏட்டில் எழுதியிருந்தால், அது எந்த ஊர் மரக்கால் என்று அறியாதவனுக்கு அவ்வெண்ணால் யாதொரு பயனுமில்லை. இக்குழப்பத்தை நீக்கும் பொருட்டே 1956ஆம் ஆண்டில் எடை அளவுத் தரச் சட்டம் இயற்றப்பெற்று, 1958 அக்டோபர் முதல் கிலோகிராமும், பின்னர் மீட்டரும் லிட்டரும் படிப்படியாக வழக்குக்கு வந்தன. இன்று ஒரு குவிண்டால் நெல் என்றால் அது எல்லா ஊரிலும் ஒரே எடைதான்.

நெல்லுக்கும் நிலத்துக்கும் கிடைத்த இந்தத் தெளிவு, மக்களைப் பற்றிய கணக்குகளுக்கு இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை. வீடு, குடும்பம், ஊர், தொழிலாளி ஆகிய சொற்களை நாள்தோறும் பதிவேடுகளில் எழுதுகிறோம். ஆனால் ஒரு பதிவேட்டின் குடும்பம் மற்றொரு பதிவேட்டின் குடும்பம் அன்று. இக்குறையைக் களைவதற்கு அண்மைக் காலத்தில் ஒரு முறை வளர்ந்திருக்கிறது. பெரும்பாலும் பெருநகரங்களின் தேவைக்காகவே அது தோன்றியது. எனினும் அதனை அறிந்துகொள்வது பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் உழவர் பெருமக்களுக்கும் மிகவும் பயன்தரும் என்பது நம் கருத்து. அதன் காரணத்தை இக்கட்டுரையில் விளக்குவோம்.

ஓர் அனுபவம்

நாம் பணியாற்றிய ஒன்றியமொன்றில் ஒரு குக்கிராமத்துக்குக் குடிநீர்த் தொட்டி கட்டப்பெற்றது. தொட்டியின் கொள்ளளவை முடிவு செய்வதற்குக் கையிலிருந்த ஒரு பதிவேட்டின் குடும்ப எண்ணிக்கையை எடுத்துக்கொண்டோம். வேலை நன்றாகவே முடிந்தது. ஆனால் முதற் கோடையிலேயே கடைசித் தெருவுக்குத் தண்ணீர் எட்டவில்லை. குழாயில் அடைப்பென்று எண்ணிச் சோதித்தோம், அடைப்பு யாதுமில்லை. பின்னர் வீடு வீடாகச் சென்று விசாரித்தபொழுதுதான் உண்மை புலப்பட்டது. நாம் எடுத்துக்கொண்ட பதிவேடு குடும்ப அட்டைகளை எண்ணியிருந்தது. வரிப் பதிவேடோ கட்டடங்களை எண்ணியிருந்தது. ஊரோரத்துச் செங்கற் சூளையில் ஆண்டில் பல திங்கள் தங்கி உழைப்போர் எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறவில்லை. பதிவேடு எழுதியவர்கள் எவரும் தவறு செய்யவில்லை. அவரவர் தத்தம் வேலைக்கு வேண்டியதைச் செம்மையாகவே எண்ணியிருந்தனர். ஒரு வேலைக்காக எண்ணிய எண்ணை, அதன் பொருளை வினவாமல் வேறொரு வேலைக்கு எடுத்தாண்ட நாமே தவறு செய்தோம். அப்பிழையின் விலையை அக்கடைசித் தெருவின் பெண்கள் குடங்களைச் சுமந்து செலுத்தினர்.

குடும்பம் என்பது யாது?

இதனை ஒரு கற்பனை எடுத்துக்காட்டினால் தெளிவாக்கலாம். ஓர் ஊரில் ஒரு கட்டடம் இருப்பதாகக் கொள்வோம். அதில் தாயும் தந்தையும் வாழ்கின்றனர். மூத்த மகனும் அவன் மனைவியும் இரு குழந்தைகளும் அவர்களோடு ஒரே அடுப்பில் சமைத்து உண்கின்றனர். இளைய மகன், மனைவி, குழந்தை ஆகிய மூவரும் அதே வீட்டில் தனியே சமைக்கின்றனர். பின்கட்டில் தனி வாசலுள்ள ஓர் அறையை வெளியூர்த் தொழிலாளர் இருவர் வாடகைக்கு எடுத்துச் சேர்ந்து சமைத்துக்கொள்கின்றனர். தந்தை, மக்கள் அனைவரின் பெயரும் ஒரே குடும்ப அட்டையில் இருக்கின்றன. தொழிலாளரின் பெயர்கள் அவர்தம் சொந்த ஊர் அட்டைகளில் இருக்கின்றன.

இங்கே எத்தனை குடும்பங்கள் என்று வினவினால் யாது விடை கூறுவது?

வரிப் பதிவேட்டைக் கேட்டால் கட்டடம் ஒன்று என்னும். ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் தனி வாசலுடைய பகுதி தனி வீடாகக் கொள்ளப்படும். ஆகவே வீடுகள் இரண்டு. அதே கணக்கெடுப்பில் குடும்பம் என்பது வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து பொது அடுப்பில் உண்போர் கூட்டம். அவர்கள் உறவினராக இருக்க வேண்டுமென்பதில்லை. ஆகவே குடும்பங்கள் மூன்று. குடும்ப அட்டையைக் கேட்டால் ஒன்று. ஊரக வேலை உறுதிக்காக 2005ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டம் இன்னொரு வரையறை வகுத்தது: இரத்தத்தாலோ மணத்தாலோ தத்தினாலோ உறவுடையராய், சேர்ந்து வாழ்ந்து உணவைப் பகிர்ந்துகொள்வோர், அல்லது பொதுவான குடும்ப அட்டை வைத்திருப்போர் ஒரு குடும்பத்தினர். அதன்படி, தனி அடுப்பு வைத்த இளைய மகனையும் பொது அட்டை தந்தையோடு சேர்த்துவிடக்கூடும். உறவில்லாத தொழிலாளர் இருவரும் ஒரே பானையில் சமைத்து உண்டாலும் ஒரு குடும்பமாகார்.

ஒன்று, இரண்டு, மூன்று என எல்லா விடைகளும் சரியே. ஆனால் தண்ணீருக்கு எந்த விடை வேண்டும்? அக்கட்டடத்தில் வாழ்வோர் 11 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்னும் ஊரகக் குடிநீர் அளவுப்படி 605 லிட்டர் தேவை. அட்டையை மட்டும் பார்த்தால் 9 பேர்; 495 லிட்டர் போதுமென்று தோன்றும். ஒரு கட்டடத்தில் 110 லிட்டர் குறைந்தால், இத்தகைய 50 கட்டடங்களுள்ள குடியிருப்பில் 5,500 லிட்டர் குறையும். கடைசித் தெருவுக்கு நீர் எட்டாத காரணம் இதுவே.

சென்னையின் ஜனத்தொகை எத்தனை?

இக்குழப்பம் குக்கிராமத்துக்கு மட்டும் உரியதன்று. இந்திய அரசு 2015 ஜூன் 25 அன்று சீர்மிகு நகரங்கள் இயக்கத்தைத் தொடங்கி, நாடெங்கும் 100 நகரங்களைத் தேர்ந்தெடுத்தது. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி, தஞ்சை உள்ளிட்ட 11 நகரங்கள் இடம்பெற்றன. இவ்வியக்கம் 2025 மார்ச் 31 அன்று நிறைவுற்றது. நீரோட்டத்தையும் வாகனப் போக்கையும் குப்பை அகற்றுதலையும் கருவிகளால் கண்காணித்து, அச்செய்திகளை ஓரிடத்தில் திரட்டும் கட்டுப்பாட்டு மையங்கள் இந்நகரங்களில் அமைந்தன. ஆனால் கருவி தெருவில் எவ்வளவு நீர் பாய்ந்தது என்று சொல்லுமேயன்றி, அத்தெருவில் முதியோர் எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை பேர் என்று சொல்லாது. அதற்கு அக்கம்பக்கத்து ஜனத்தொகைக் கணக்கு வேண்டும். இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்தினாலன்றிப் பொருளுள்ள திட்டம் பிறவாது.

பொருந்துவது எத்துணைக் கடினம் என்பதற்குச் சென்னையே சான்று. 2011ஆம் ஆண்டில் சென்னையின் ஜனத்தொகை எவ்வளவு? அவ்வாண்டின் கணக்கெடுப்பில், சுமார் 174 சதுர கிலோமீட்டர் பரப்பிலிருந்த அன்றைய மாநகராட்சிக்கு ஏறத்தாழ 46.5 லட்சம். அதே ஆண்டு அக்டோபரில் 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 கிராமப் பஞ்சாயத்துகள் ஆக 42 உள்ளாட்சிகள் சேர்க்கப்பெற்று மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அவ்விரிந்த எல்லைக்குள் அதே கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 67 லட்சம். சுற்றுப்புற ஊர்களையும் சேர்த்த நகரத் தொகுதிக்கு ஏறத்தாழ 86.5 லட்சம். ஒரே ஆண்டு, ஒரே பெயர், மூன்று எண்கள். மூன்றும் மெய்யே.

வார்டு நிலைக்கு இறங்கினால் சிக்கல் இன்னும் மிகும். விரிவுக்கு முன் 155 வார்டுகள் இருந்தன. பின்னர் பழைய பகுதிக்கு 107, புதிய பகுதிக்கு 93 என 200 வார்டுகளாயின. 2011 கணக்கின் ஒரு வார்டு எண்ணை இன்றைய அதே வார்டு எண்ணோடு ஒப்பிட்டு, இங்கே மக்கள் பெருகினர், அங்கே குறைந்தனர் என்று ஒருவர் கூறினால் அது வெறும் மாயை. எண் ஒன்றாக இருக்கலாம், இடம் வேறு.

இதில் நம் வாசகர்கள் கவனிக்கத்தக்க செய்தி யாதெனில், அந்த 25 இடங்களும் ஒரு நாள் முன்புவரை கிராமப் பஞ்சாயத்துகளாக இருந்தவை என்பதே. ஓர் ஊர் நகரத்தோடு சேரும்போது அதன் ஏரியும் சுடுகாடும் மேய்ச்சல் நிலமும் போலவே அதன் கணக்கும் உடன் செல்ல வேண்டும். இன்னின்ன தெருக்கள் இன்னின்ன வார்டில் சேர்ந்தன என்னும் குறிப்பு இல்லையேல், அவ்வூர் மக்களின் பழைய நிலையை அறிய வழியே இராது.

கணக்கில் நகரம், ஆட்சியில் கிராமம்

நகரத்தோடு சேராமலே நகரமாகிவிடும் ஊர்களும் உண்டு. குறைந்தது 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேருக்குக் குறையாத அடர்த்தி, ஆண் முதன்மைத் தொழிலாளருள் நூற்றுக்கு 75 பேராவது விவசாயமல்லாத தொழில் செய்தல் ஆகிய மூன்றும் பொருந்தினால், ஜனத்தொகைக் கணக்கெடுப்பு அவ்வூரைக் கணக்கெடுப்பு நகரம் என்று வகுக்கிறது. தமிழ்நாட்டில் 2001இல் 111 ஆக இருந்த இத்தகைய ஊர்கள் 2011இல் 376 ஆயின. சட்டப்படி இவற்றுட் பலவற்றை ஆள்வது கிராமப் பஞ்சாயத்தே. நகரக் கணக்கில் ஊர் எண்ணப்படும். நகராட்சியின் வசதிகளோ அதற்கு இல்லை.

மேற்கண்ட மூன்றாவது விதியை மீண்டும் ஒருமுறை நோக்குக. அது ஆண் தொழிலாளரை மட்டுமே கணக்கிடுகிறது. ஆண்கள் ஆலைக்குச் சென்று பெண்கள் வயலில் நாற்று நடும் ஊரும் இவ்விதிப்படி நகரமாகலாம். முதன்மைத் தொழிலாளர் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு: ஆண்டில் 6 திங்களுக்குக் குறையாமல் வேலை செய்தவரே முதன்மைத் தொழிலாளர், அதற்குக் குறைந்தால் குறுகிய காலத் தொழிலாளர். நகரம் என்னும் ஒரு சொல்லினுள் எத்தனை முடிவுகள் மறைந்து கிடக்கின்றன என்பதை இதனால் அறியலாம்.

நிகண்டும் கணிப்பொறியும்

இனி, இதற்கென வளர்ந்துள்ள முறையைக் காண்போம். ஆங்கிலத்தில் இதனை ஆன்டாலஜி என்பர். பெயர் தத்துவ நூலிலிருந்து வந்தது. உள்பொருள் யாது என ஆராயும் இயலுக்கு அங்கே அப்பெயர். கணிப்பொறித் துறையினர் அதனை எடுத்து, ஒரு துறையில் வழங்கும் கருத்துகளையும் அவற்றுக்கிடையேயுள்ள உறவுகளையும் ஐயமற வெளிப்படையாக எழுதி வைக்கும் ஏட்டுக்குப் பெயராக்கினர். 1993இல் டாம் குரூபர் என்னும் அறிஞர் இவ்வகையில் அளித்த விளக்கம் அத்துறையில் பெரிதும் வழங்குகிறது. நாம் இங்கே பொருள் வகுப்பு என்று வழங்குவோம்.

தமிழருக்கு இது முற்றிலும் புதிய எண்ணமன்று. திவாகர நிகண்டு சொற்களை அகர வரிசையில் அடுக்கவில்லை. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் எனப் பொருள்வகைப்படி 12 தொகுதிகளாக வகுத்தது. அவற்றுள் ஒன்று ஒருசொற் பல்பொருட் பெயர்த் தொகுதி. ஒரே சொல் பல பொருளைக் குறிக்கும் என்பதை உணர்ந்து, அத்தகைய சொற்களுக்கென்றே தனியிடம் ஒதுக்கினர் நம் முன்னோர். குடும்பம் என்ற சொல்லுக்கு இன்று நாம் செய்ய வேண்டுவதும் அதுவே: அடுப்புக் குடும்பம், அட்டைக் குடும்பம், உறவுக் குடும்பம் என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயரும் விளக்கமும் தருவது.

நிகண்டு படித்தவன் மனிதன், சொல்லப்படாததை ஊகித்துக்கொள்வான். கணிப்பொறிக்கு அத்தகைய ஊகம் கிடையாது. ஆகவே பொருள் வகுப்பில் உறவுகளையும் எழுத வேண்டும். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் கொண்ட சிறு வாக்கியங்களைப் போல இவ்வுறவுகள் அமைகின்றன. கிழக்குத் தெரு இக்குடியிருப்பின் பகுதி; இக்குடியிருப்பு இப்பஞ்சாயத்தின் பகுதி; இப்பஞ்சாயத்து இவ்வொன்றியத்தின் பகுதி என்று எழுதினால் போதும். கிழக்குத் தெருவும் இவ்வொன்றியத்தின் பகுதியே என்று கணிப்பொறி தானே முடிவு செய்துகொள்ளும். 2011 அக்டோபருக்கு முன் இவ்வூர் தனிப் பஞ்சாயத்து, அதன் பின் மாநகராட்சியின் இன்ன வார்டின் பகுதி என்று காலத்தையும் சேர்த்து எழுதினால், பழைய கணக்கையும் புதிய கணக்கையும் அது கலந்துவிடாது. அடுப்புக் குடும்பத்தையும் அட்டைக் குடும்பத்தையும் எவரேனும் கூட்டப் புகுந்தால், இவை வெவ்வேறு பொருள்கள் என்று எச்சரிக்கவும் செய்யலாம். இத்தகைய வாக்கியங்களை எழுதுவதற்கென்றே ஆவ்ல் என்னும் கணிப்பொறி மொழியொன்று 2004இல் சர்வதேசத் தரமாக வெளியிடப்பெற்றது.

டொரன்டோ நகரத்தின் முயற்சி

கானடா நாட்டின் டொரன்டோ நகரம் இத்துறையில் குறிப்பிடத்தக்கது. நம் சென்னையைப் போலவே அதுவும் 1998இல் அண்டை நகராட்சிகளோடு இணைந்து விரிந்த நகரம். சமூக சேவைகளைத் திட்டமிடுவதற்காக அந்நகராட்சி ஊரை அக்கம்பக்கங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வயது, வருமானம், மொழி, வீட்டு வசதி ஆகியவற்றின் விவரத்தை வெளியிட்டு வருகிறது. நெடுங்காலம் இவை 140 ஆக இருந்தன. மக்கள் மிகப் பெருகிய 16 பகுதிகளை 34 ஆகப் பிரித்ததால் 2022இல் 158 ஆயின. பிரித்தபோது பழைய பகுதி எது, அதிலிருந்து பிறந்தவை எவை என்னும் தொடர்பு பாதுகாக்கப்பெற்றால்தான் பத்தாண்டுப் போக்கை அறிய முடியும்.

அந்நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மார்க் ஃபாக்ஸ் முதலானோர் நகரக் குறியீடுகளுக்கான பொருள் வகுப்பை உருவாக்கினர். 2014இல் சர்வதேசத் தர அமைப்பு 37120 என்னும் எண்ணுள்ள தரத்தை வெளியிட்டது. நகர வாழ்க்கையை அளக்க 17 தலைப்புகளில் 100 குறியீடுகளை அது வகுத்தது. அவற்றுள் ஒன்று, ஆரம்பப் பள்ளியில் ஆசிரியர் ஒருவருக்கு மாணவர் எத்தனை என்பது. கேட்பதற்கு எளிது. ஆனால் அரை நாள் ஆசிரியர் ஓர் ஆசிரியரா? தனியார் பள்ளி மாணவர் சேர்வரா? எந்த வகுப்புவரை ஆரம்பப் பள்ளி? நகர எல்லைக்கு வெளியே வாழ்ந்து உள்ளே படிக்கும் பிள்ளை எக்கணக்கு? இவற்றுக்கு இரு நகரங்கள் இரு விதமாக விடை கொண்டால் அவற்றின் எண்களை ஒப்பிடுவது பொருந்தாது. அவ்விடைகள் எல்லாவற்றையும் எண்ணோடு சேர்த்துக் கணிப்பொறி படிக்கும் வண்ணம் எழுதுவதே அவர்கள் செய்த பணி. நகரத் தரவுகளுக்கான பொதுக் கருத்துகளை வகுக்கும் 5087 என்னும் தரத்தின் முதற் பகுதியும் 2023இல் வெளிவந்தது.

எப்படிக் கேட்டனர் என்பதும் பொருளின் ஒரு பகுதியே என்பதற்கும் கானடா சான்று தருகிறது. 2011இல் அந்நாட்டில், கட்டாயமாக இருந்த விரிவான கேள்விப் படிவத்தை நீக்கி, விரும்பினோர் மட்டும் விடையளிக்கும் ஆய்வை நடத்தினர். 100க்கு 69 பேரளவே விடையளித்தனர். விடை மிகக் குறைந்த சிற்றூர்கள் பலவற்றின் விவரத்தை வெளியிட இயலாமற் போயிற்று. 2016இல் கட்டாயப் படிவம் மீண்டும் வந்தது. 2006, 2011, 2016 ஆகிய மூன்று எண்களை ஒரு வரிசையில் எழுதுபவர் நடு எண்ணின் பிறப்பை மறந்தால், இல்லாத ஏற்றத்தையும் தாழ்வையும் காண்பர். பாதிக்கப்பட்டவை பெரும்பாலும் சிற்றூர்களே என்பதை நாம் நினைவிற்கொள்வோமாக.

சில எச்சரிக்கைகள்

இம்முறை சர்வரோக நிவாரணி அன்று. எண்ணப்படாத மனிதனை எந்தப் பொருள் வகுப்பும் எண்ணித் தராது. செங்கற் சூளைத் தொழிலாளி படிவத்தில் இல்லையெனில் கணிப்பொறியிலும் இரான். ஆனால் ஒரு நன்மை உண்டு. நாம் எண்ணியோர் யார், எண்ணாதோர் யார் என்று எழுத முனையும்போதே விடுபட்டோர் நம் கண்ணுக்குத் தெரிவர். 2011 கணக்கெடுப்பில் வீடற்றோரை எண்ணுவதற்கென்றே பிப்ரவரி 28ஆம் நாள் இரவு ஒதுக்கப்பெற்றது. வீடு என்னும் வரையறைக்கு வெளியே நிற்போர் உளர் என்பதை முன்கூட்டி உணர்ந்ததன் பயன் அது.

மற்றொன்று, மறைவைக் காத்தல். கணக்கு சிறு பகுதிக்கு இறங்க இறங்கத் தனி மனிதர் அடையாளம் வெளிப்பட்டுவிடும். பத்து வீடுகளுள்ள தெருவில் கைம்பெண் ஒருவர் என்று வெளியிட்டால் அவர் யாரென ஊரே அறியும். கானடாவில் சிறு எண்களை ஐந்தின் மடங்காகத் திருத்தி வெளியிடுவது இதன் பொருட்டே. நம் நாட்டிலும் 1948ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்குச் சட்டம் தனி நபர் விவரங்களை இரகசியமாக வைக்கக் கட்டளையிடுகிறது. பஞ்சாயத்துப் பலகையில் எண்களை எழுதுமுன் இதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

கணிப்பொறி மொழியைப் பஞ்சாயத்து அங்கத்தினர் கற்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அதனை அறிந்தோர் செய்வர். ஆனால் அவர்கள் எழுதுவதற்கு வேண்டிய உண்மை ஊரில்தான் இருக்கிறது. எந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதினாலும் அதன் பக்கத்தில் ஐந்து செய்திகளை எழுதும் வழக்கத்தை மேற்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

முதலாவது, எண்ணியது எது? கட்டடமா, தனி வாசலா, அடுப்பா, அட்டையா, ஆளா என்று எழுதுக. இரண்டாவது, எந்த எல்லைக்குள்? ஜனத்தொகைக் கணக்கு வருவாய்க் கிராமத்துக்கு எண் தருகிறது; குக்கிராமத்துக்கு அன்று. ஒரு பஞ்சாயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வருவாய்க் கிராமங்கள் இருத்தலும் உண்டு. ஆகவே வெறும் ஊர்ப் பெயரோடு நில்லாது, தெருக்களின் பெயரையும், மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி அட்டவணை பஞ்சாயத்துக்கு அளித்துள்ள தனி எண்ணையும் குறிக்க. ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கலாம். ஒரே எண்ணில் இரண்டு ஊர் இராது. மூன்றாவது, எந்த நாளில்? அறுவடைக் காலத்து ஊரும் பஞ்ச காலத்து ஊரும் ஒன்றல்ல. நான்காவது, எவர் எண்ணினார், எவ்வாறு? நேரில் சென்றா, பழைய ஏட்டைப் பார்த்தா? ஐந்தாவது, எவரை விட்டோம்? பூட்டிய வீடு, வெளியூர் சென்றோர், வாடகைக் குடியினர், பருவத் தொழிலாளர் ஆகியோர் சேர்ந்தனரா இல்லையா?

தெருப் பெயர் மாறினாலும், குடியிருப்பு பிரிந்தாலும், வார்டு எல்லை நகர்ந்தாலும் பழையதற்கும் புதியதற்குமுள்ள தொடர்பை நாளோடு எழுதி வைத்தலும் இன்றியமையாதது. நிலம் உட்பிரிவு ஆகும்போது பழைய சர்வே எண்ணை விடாமல் அதன்கீழ் உட்பிரிவு எண் தருவதை உழவர் யாவரும் அறிவர். 45ஆம் எண் நிலம் 45/1, 45/2 என்று பிரிந்தால் தாய் எது, சேய் எது என்பதில் ஐயமே எழாது. மக்கள் வாழும் இடங்களுக்கும் அத்தகைய ஒழுங்கு வேண்டும் என்பதே நம் கருத்து.

இதற்கு ஏற்ற காலமும் நெருங்கியிருக்கிறது. 2021இல் நடைபெற வேண்டியிருந்த ஜனத்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. அடுத்த கணக்கெடுப்பை 2027இல் நடத்துவதென 2025 ஜூன் 16 அன்று அறிவிக்கை வெளியாயிற்று. தமிழ்நாட்டுக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாள். காகிதப் படிவத்துக்கு மாறாகக் கருவிகளில் பதிவு செய்யும் முதற் கணக்கெடுப்பு இது. கருவி விரைவில் கூட்டும், விரைவில் பரப்பும். பிழையையும் அதே விரைவில் பரப்பும் என்பதை மறத்தலாகாது. கணக்கெடுப்பவர் வரும்போது, அடுப்புகள் எத்தனை, பின்கட்டில் வாழ்வோர் யார், ஊரோரத்தில் தங்கியிருப்போர் எவர் என்று அறிந்து வழிகாட்டத் தக்கவர்கள் ஊராரே.

நாம் முன்னர்க் கூறிய குக்கிராமத்தில் பின்னர் இரண்டாவது தொட்டி ஒன்று கட்டப்பெற்றது. அதற்கு முன் அவ்வூர்ப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் தெருத் தெருவாகச் சென்று ஆட்களை எண்ணி, சூளையில் தங்குவோரையும் சேர்த்து, எண்ணிய நாளையும் தெருக்களின் பெயரையும் ஒரு நோட்டில் குறித்துத் தந்தனர். கணிப்பொறி அறியாத அவர்கள் செய்தது பொருள் வகுப்பின் முதற் படியேயாகும். இன்று கடைசித் தெருவுக்கும் தண்ணீர் செல்கிறது. அந்த நோட்டு ஒன்றிய அலுவலகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஒவ்வொரு பஞ்சாயத்திலும் அத்தகைய நோட்டு ஒன்று உருவாகுமாயின், நாளை ஊர் வளர்ந்து நகரமானாலும் நகரத்தோடு இணைந்தாலும், அவ்வூர் மக்களைப் பற்றிய எண் தன் பொருளை இழவாது என்பது திண்ணம்.